சீடர் ஷேக் கூரைக்கு மென்பொருளில் பொருள் கணக்கிடுவது: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று நம் ஊர்களில் உட்கார்ந்துகொண்டே அமெரிக்க, கனடியக் கூரை ஒப்பந்ததாரர்களுக்கு மதிப்பீடு தயாரித்துத் தருகிறவர்களுக்காக இந்தப் பக்கம். சிவில் டிப்ளமோ முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஆஸ்பால்ட் ஷிங்கிள் (தார் ஏற்றிய மெல்லிய கூரைத் தகடு) கூரைகளை நன்றாகவே கணக்கிடக் கற்றுக்கொண்டு விடுகிறார்கள். மரத்தாலான சீடர் ஷேக் கூரை வந்ததும் கணக்கு உதைக்கிறது. கட்டுகள் பாதியில் தீர்ந்துபோகின்றன, தார்க்காகிதம் பட்டியலிலேயே இருப்பதில்லை. ஏன் அப்படி ஆகிறது, எங்கே கவனம் வைக்க வேண்டும் என்பதைக் கேள்வி வாரியாக எழுதியிருக்கிறேன்.

ஷேக் என்பது எது? மர ஷிங்கிளிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

இரண்டும் பெரும்பாலும் மேற்கத்தியச் செஞ்சீடர் மரத்தில் செய்யப்படுபவை. பிரிட்டிஷ் கொலம்பியா, வாஷிங்டன் மாநிலக் காடுகளின் மரம் அது. மரத்தை அதன் நார்ப்போக்கிலேயே பிளந்து எடுத்தது ஷேக். ஒரு முகமாவது சொரசொரப்பாக, வரிவரியாக இருக்கும். இரு முகமும் ரம்பத்தால் அறுத்து வழவழப்பாக இருந்தால் அது ஷிங்கிள். ரம்பத்தால் அறுத்தே செய்யும் ஷேக்கும் உண்டு, அதற்குப் பெயர் டேப்பர்சான் ஷேக். கூரைக்கு வரும் ஷேக்கின் நீளம் வழக்கமாக 18 அங்குலம் அல்லது 24 அங்குலம். அகலம் சீராக இருக்காது. ஒரு கட்டைப் பிரித்தால் ஐந்து அங்குலமும் ஒன்பது அங்குலமும் கலந்தே கிடைக்கும். ஆகவே துண்டு எண்ணிக்கையில் ஷேக்கை வாங்கவும் முடியாது, கணக்கிடவும் முடியாது. எத்தனை கட்டு என்றுதான் கேட்க வேண்டும்.

எந்த மென்பொருளைப் பயன்படுத்துவது?

இரண்டு வேலைகளைப் பிரித்துப் பாருங்கள். கூரையை அளப்பது ஒன்று, பொருளைக் கணக்கிடுவது இன்னொன்று. ஈகிள்வியூ வான்வழிப் படங்களிலிருந்து அளவெடுத்து அறிக்கை தருகிறது. ஹோவர் கைப்பேசியில் எடுத்த படங்களிலிருந்து வீட்டின் மாதிரியைக் கட்டித் தருகிறது. வரைபடம் பிடிஎஃப் ஆக வந்தால் பிளான்ஸ்விஃப்ட், ப்ளூபீம் போன்றவற்றில் நாமே கோடு வரைந்து அளக்கலாம். காப்பீட்டுக் கோரிக்கை சார்ந்த வேலை என்றால் பெரும்பாலும் எக்ஸாக்டிமேட் தேவைப்படும்.

எந்த மென்பொருள் என்பது அவ்வளவு முக்கியமில்லை என்பது என் கருத்து. எல்லாமே பரப்பையும் முகட்டு நீளத்தையும் நன்றாகத்தான் சொல்கின்றன. அந்தப் பரப்பிலிருந்து எத்தனை கட்டு என்று மாற்றும் இடத்தில் நாம் என்ன எண்ணை உள்ளிடுகிறோம் என்பதில்தான் மதிப்பீடு நிற்கிறது.

"ஸ்கொயர்" என்று அறிக்கையில் வருகிறதே?

நம் கொத்தனார் சொல்லும் அதே சதுரம்தான்: 100 சதுர அடி. இந்தப் பக்கம் முழுவதும் சதுரம் என்றே எழுதுகிறேன்.

சரிவை 6:12 என்று போடுகிறார்கள். அதை எப்படி எடுத்துக்கொள்வது?

கிடைமட்டமாக 12 அங்குலம் போனால் 6 அங்குலம் ஏறுகிறது என்று பொருள். பாகையில் சுமார் 26.6. மேலிருந்து பார்க்கும் பரப்பைச் சரிவுப் பரப்பாக மாற்ற ஒரு பெருக்கு எண் உண்டு. 4:12க்கு 1.054, 6:12க்கு 1.118, 8:12க்கு 1.202, 12:12க்கு 1.414.

இங்கே எச்சரிக்கை தேவை. வான்வழி அறிக்கையில் வரும் பரப்பு ஏற்கெனவே சரிவுப் பரப்பு. அதை மீண்டும் 1.118 ஆல் பெருக்கினால் 6:12 கூரையில் பன்னிரண்டு சதவீதம் பொருள் கூடிவிடும். பிடிஎஃப் வரைபடத்தில் நாமாகக் கோடு வரைந்து எடுத்த பரப்போ மேலிருந்து பார்க்கும் பரப்பு, மென்பொருளில் சரிவை உள்ளிடாவிட்டால் அப்படியேதான் இருக்கும். எந்தக் கோப்பிலிருந்து எடுத்தோம் என்பதைத் தாளின் முதல் வரியிலேயே குறித்துவைக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

3:12க்குக் கீழே சரிவு இருக்கும் பகுதியில் ஷேக் பதிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிகள் சொல்கின்றன. அறிக்கையில் ஒரு தாழ்வாரம் மட்டும் 2:12 என்று வந்தால் அந்தப் பரப்பைத் தனியே பிரித்து, அங்கே என்ன போடப்போகிறார்கள் என்று ஒப்பந்ததாரரிடம் கேளுங்கள்.

ஒரு சதுரத்துக்கு எத்தனை கட்டு?

இந்தக் கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகக் கேட்பவர்கள்தான் அதிகம். பதில் எக்ஸ்போஷரைப் பொறுத்தது. ஒவ்வொரு ஷேக்கிலும் மேல் வரிசை மூடாமல் விடும் பகுதி, அதாவது வெயிலும் மழையும் படும் நீளம், அதன் எக்ஸ்போஷர்.

24 அங்குல ஷேக்குக்கு அதிகபட்சம் 10 அங்குலம், 18 அங்குல ஷேக்குக்கு அதிகபட்சம் 7.5 அங்குலம் என்பது முதல் தர ஷேக்குக்கான விதி. 24 அங்குல நீளத்தில் முக்கால் அங்குலமும் அரை அங்குலமும் இல்லாமல் 3/8 அங்குலத் தடிமனில் பிளந்த மெல்லிய ஷேக் என்றால் அதிகபட்சம் 7.5 தான். தரம் இரண்டாக இருந்தால் இன்னும் குறையும். ஆகவே தரம், நீளம், தடிமன் மூன்றும் தெரியாமல் கட்டுக் கணக்கைத் தொடவே கூடாது.

பரவலாக விற்கும் 24 அங்குல, அரை அங்குலத் தடிமன் ஷேக்கில் 10 அங்குல எக்ஸ்போஷருக்கு 5 கட்டு ஒரு சதுரம் மூடும். அதே 5 கட்டை 7.5 அங்குலத்தில் பதித்தால் முக்கால் சதுரம்தான் மூடும். அப்போது ஒரு சதுரத்துக்கு 6.67 கட்டு வேண்டும். கட்டின் அகலமும் அடுக்கு எண்ணிக்கையும் ஆலைக்கு ஆலை மாறும். 4 கட்டுக்கு ஒரு சதுரம் வரும் சிப்பங்களும் உண்டு. ஒவ்வொரு கட்டிலும் லேபிள் இருக்கும். சீடர் ஷேக் அண்டு ஷிங்கிள் பீரோ என்ற தொழில் அமைப்பின் தரச் சான்று பெற்ற கட்டுகளில் தரம், நீளம், எக்ஸ்போஷர் வாரியாக மூடும் பரப்பு எல்லாம் அச்சிட்டிருக்கும். அந்த லேபிளின் படத்தை ஒப்பந்ததாரரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

மென்பொருள் தரும் எண்ணையே அனுப்பினால் என்ன?

பெரும்பாலான வார்ப்புருக்கள் ஆஸ்பால்ட் ஷிங்கிளை மனத்தில் வைத்துச் செய்தவை. அதில் சதுரத்துக்கு 3 கட்டு. பெயரை மட்டும் சீடர் ஷேக் என்று மாற்றிவிட்டு, உள்ளே இருக்கும் 3 ஐ மாற்றாமல் விட்டால் லாரி வந்து நின்ற பிறகுதான் குறை தெரியும். வான்கூவரிலிருந்து வர வேண்டிய சரக்கு, வேலை நடுவில் தீர்ந்துபோனால் கூரை திறந்தபடி நிற்கும். இங்கே ஐப்பசி மழையில் ஓடு பிரித்த வீட்டுக்காரர் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் தெரியும்.

ஒரு கூரையை முழுதாகப் போட்டுக் காட்ட முடியுமா?

எளிய இருசரிவுக் கூரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூரை நீட்டல் உட்பட மேலிருந்து பார்த்தால் 50 அடிக்கு 30 அடி. சரிவு 6:12. ஷேக் 24 அங்குலம், அரை அங்குலத் தடிமன், எக்ஸ்போஷர் 10 அங்குலம்.

மேலிருந்து பார்க்கும் பரப்பு 1,500 சதுர அடி. 1.118 ஆல் பெருக்கினால் 1,677. அதாவது 16.77 சதுரம். சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் 18.45 சதுரம். ஐந்தால் பெருக்கினால் 92.2, வாங்க வேண்டியது 93 கட்டு. அதே கூரைக்கு ஆஸ்பால்ட் வார்ப்புரு 56 கட்டு என்று சொல்லும். இடைவெளியை நீங்களே பாருங்கள்.

இறவாரத்தில் முதல் வரிசை இரட்டை. கீழே ஒரு தொடக்க வரிசை, அதன் மேல் சரியாக இன்னொன்று. இரு பக்கமும் சேர்த்து இறவார நீளம் 100 அடி. 10 அங்குல எக்ஸ்போஷரில் ஒரு சதுரம் ஷேக்கை வரிசையாக நீட்டி வைத்தால் 120 அடி ஓடும். 100 அடிக்கு 0.83 சதுரம், அதாவது 5 கட்டு. இதற்கென்றே 15 அங்குலக் குட்டை ஷேக் விற்கிறார்கள், விலை குறைவு. ஒப்பந்ததாரர் எதை வாங்குவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முகட்டுக்கு முன்பே மடித்து ஆணியடித்த தனிக் கட்டு உண்டு. முகட்டுத் துண்டு ஒன்று 10 அங்குலம் வெளித்தெரியும்படி வைத்தால், 20 துண்டு 16 அடி 8 அங்குலம் ஓடும். 50 அடிக்குச் சரியாக 60 துண்டு. இரு முனையிலும் இரட்டைத் துண்டு வைப்பதற்கும் உடைசலுக்கும் இடம் வேண்டும். 20 துண்டுக் கட்டானால் 3 போதும் என்று நிறுத்தாமல் 4 போடுங்கள்.

ஆணி, ஷேக் ஒன்றுக்கு இரண்டு. சராசரி அகலம் 7 அங்குலம், இடைவெளி அரை அங்குலம் என்று வைத்தால் ஒரு சதுரத்தில் 192 ஷேக், 384 ஆணி. தொடக்க வரிசையும் சேர்த்து இந்தக் கூரைக்குச் சுமார் 7,400 ஆணி.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஒரு பக்கச் சரிவின் நீளம் 15 அடி × 1.118, ஏறக்குறைய 201 அங்குலம். பத்தால் வகுத்தால் 20.1 வரிசை. அந்த 0.1 வரிசையைக் கூரையில் பதிக்க முடியாது, 21 வரிசை போட்டுத்தான் ஆக வேண்டும். நல்ல வேலைக்காரர் வரிசைகளைச் சமமாகப் பிரித்து 9.6 அங்குலத்துக்கு வைப்பார். அப்படியானால் கட்டுத் தேவை நான்கு சதவீதம் ஏறுகிறது. மென்பொருள் பரப்பை மட்டுமே பார்ப்பதால் இதைக் கண்டுகொள்ளாது. சரிவு நீளத்தை எக்ஸ்போஷரால் வகுத்து, வரிசை எண்ணிக்கையைத் தனியே எழுதிப் பாருங்கள்.

தார்க்காகிதம் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது?

ஆஸ்பால்ட் கூரையில் தார்க்காகிதம் பலகையின் மேல் ஒரு விரிப்பு, அவ்வளவுதான். ஷேக் கூரையில் அது ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே போகிறது. 18 அங்குல அகலமுள்ள 30ஆம் எண் காகிதம். அதன் கீழ் விளிம்பு, ஷேக்கின் அடியிலிருந்து எக்ஸ்போஷரைப் போல் இரு மடங்கு உயரத்தில் அமைய வேண்டும். 10 அங்குலம் என்றால் 20 அங்குல உயரத்தில். ஷேக்கின் மேல் நுனி 4 அங்குலத்தை மூடிக்கொண்டு, மீதி 14 அங்குலம் பலகைமேல் படியும். வெளியே துளியும் தெரியாது.

எவ்வளவு காகிதம் என்பதும் எக்ஸ்போஷரிலிருந்துதான் வரும். 10 அங்குலத்துக்குச் சதுரத்துக்கு 120 அடி நீளம், 7.5க்கு 160 அடி. மேலே பார்த்த கூரைக்கு 16.77 × 120, சுமார் 2,012 அடி. முனை ஒட்டுகளுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 2,213 அடி. சுருள் 120 அடி நீளமுள்ளது என்றால் 19 சுருள். இறவார ஓரத்தில் 36 அங்குல அகலக் காகிதம் 100 அடி தனியே வேண்டும்.

வார்ப்புருவில் இந்த இடைக்காகிதத்துக்கு வரியே இருக்காது. நீங்கள் சேர்த்தால்தான் உண்டு.

ஷேக் கூரையை நான் நேரில் பார்த்ததே இல்லை. எப்படிப் புரிந்துகொள்வது?

அட்டைப் பெட்டிகளைப் பிரித்து 24 அங்குல நீளத்தில், நான்கு முதல் ஒன்பது அங்குலம் வரை வெவ்வேறு அகலத்தில் முப்பது நாற்பது துண்டு வெட்டுங்கள். பட்டாலையிலோ முகப்பிலோ ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சாக்குக்கட்டியால் 10 அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு, கீழிருந்து வரிசையாக அடுக்குங்கள். பக்கத்துத் துண்டுகளுக்கு நடுவே அரை அங்குலம் விடுங்கள். கீழ் வரிசையின் இடைவெளிக்கு நேர்மேலே அடுத்த வரிசையின் இடைவெளி வரக் கூடாது, குறைந்தது ஒன்றரை அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும். இந்த ஒன்றரை அங்குலத்தைக் காப்பாற்றுவதற்காக எத்தனை துண்டைக் கையில் எடுத்துக் கீழே வைத்துவிட்டு வேறொன்றைத் தேட வேண்டியிருக்கிறது என்று கவனியுங்கள். சேதாரம் எங்கிருந்து வருகிறது என்பது அப்போது விளங்கும். எந்த இடத்தில் குத்தினாலும் இரண்டு அட்டை, சில இடங்களில் மூன்று. பழைய செய்தித்தாளை 18 அங்குல அகலத்தில் வெட்டி வரிசைகளுக்கு நடுவே செருகினால் தார்க்காகிதத்தின் வேலையும் கண்ணுக்குத் தெரியும்.

நம் வீட்டு ஓட்டுக்கூரையும் ஓடு மேல் ஓடு ஏறி அடுக்கடுக்காய் அமைந்ததுதான். ஓடு மாற்றுகிற வேலை பக்கத்தில் எங்காவது நடந்தால், ஓட்டுக்காரர் அனுமதித்தால் ஏணியில் ஏறிப் பாருங்கள்.

ஹிப், பள்ளக்கோடு இவற்றை எப்படி அளப்பது?

இரண்டு சரிவுகள் வெளிநோக்கிச் சந்திக்கும் மூலைக்கோடு ஹிப். உள்வாங்கிச் சந்தித்து நீர் வடிகிற கோட்டைப் பள்ளக்கோடு என்று சொல்கிறேன். நம் வளவு வீடுகளில் நான்கு பக்கக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிகின்றன, நான்கு மூலையிலும் நான்கு பள்ளக்கோடு. மழையன்று அந்த மூலைகளில் கொட்டும் நீரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கூரையில் எந்த இடம் முதலில் ஒழுகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வரைபடத்தில் அளந்த சாய்வுக்கோட்டின் நீளம் உண்மை நீளமாகாது. இரு பக்கமும் சரிவு 6:12 என்றால், இறவாரத்திலிருந்து முகடு வரை நேராக உள்ள கிடைத் தூரத்தை 1.5 ஆல் பெருக்குங்கள். கிடைத் தூரம் 15 அடி என்றால் ஹிப் 22.5 அடி. வரைபடத்தில் அதே கோடு 21.2 அடி என்றுதான் காட்டும். ஹிப்புக்கு முகட்டுக் கட்டையே பயன்படுத்துவார்கள், அந்த நீளத்தையும் முகட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளக்கோட்டுக்குத் தகடு வேண்டும். நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் குறைந்தது 11 அங்குலம், 26 கேஜுக்கு மெலியாமல், முனை ஒட்டு 4 அங்குலம் என்பது விதி. 10 அடித் தகடு ஒட்டுப் போக 9 அடி 8 அங்குலம்தான் ஓடும். 22.5 அடிக்கு 3 தகடு.

சுவரை ஒட்டிக் கூரை ஏறும் இடத்தில் வரிசைக்கு ஒரு படித்தகடு, அதாவது நீர் புகாமல் தடுக்கப் படிபடியாக வைக்கும் தகடு. இதில் மட்டும் ஆஸ்பால்ட் வார்ப்புரு கூடுதலாகச் சொல்லும். ஆஸ்பால்டின் 5 5/8 அங்குல எக்ஸ்போஷரில் 201 அங்குலச் சரிவுக்கு 36 தகடு, ஷேக்குக்கு 21 போதும். அளவும் வேறு, ஷேக்குக்கு நீளமான தகடு வேண்டும்.

சேதாரம் எத்தனை சதவீதம்?

எளிய இருசரிவுக் கூரைக்குப் பத்து. ஹிப்பும் பள்ளக்கோடும் நிறைய இருந்தால் பதினைந்து. கோபுரம், வளைவு, மாடச் சன்னல் என்று துண்டு துண்டாக இருந்தால் அதற்கும் மேலே. அறிக்கையோடு வரும் சேதார அட்டவணை கூரையின் வடிவத்தை வைத்துச் சொல்வது. கட்டுக்குள் பிளந்துபோனது, முடிச்சு விழுந்தது, வளைந்தது என்று கழித்துப்போடும் ஷேக் அதில் அடங்காது.

பழைய ஷேக்கைக் கழற்றிவிட்டு ஆஸ்பால்ட் போடுகிறார்கள். அப்போதும் இதெல்லாம் வேண்டுமா?

வேண்டாம். ஆனால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: கீழே இருப்பது ஒட்டுப்பலகையா, இடைவெளி விட்டு அடித்த ரீப்பரா? பழைய ஷேக் கூரைகள் பலவற்றில் காற்றோட்டத்துக்காக நான்கு அங்குல, ஆறு அங்குலப் பலகைகளை இடைவெளி விட்டு அடித்திருப்பார்கள். அதன்மேல் ஆஸ்பால்ட் ஷிங்கிள் நிற்காது, முழுக் கூரைக்கும் ஒட்டுப்பலகை அடிக்க வேண்டும். மேலிருந்து எடுத்த படத்தில் இது தெரியவே தெரியாது. பரணுக்குள்ளிருந்து எடுத்த ஒரே ஒரு படம் போதும், கேட்டு வாங்குங்கள். மதிப்பீட்டையே புரட்டிப்போடுகிற தொகை இது.

தீ விதிகளைப் பற்றி நமக்கு என்ன?

நிறைய இருக்கிறது. 1961இல் லாஸ் ஏஞ்சலஸின் பெல் ஏர் பகுதியில் பரவிய தீயில் நானூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. மரக்கூரைகளிலிருந்து பறந்த கங்குகள் அதற்கு ஒரு காரணம். 1989இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் புதிய மரஷேக் கூரைகளுக்குத் தடை போட்டது. மேற்கு மாநிலங்களில் இன்னும் பல ஊர்களில் கட்டுப்பாடு உண்டு. அனுமதி உள்ள இடங்களிலும் தீத்தடுப்பு மருந்தேற்றிய ஷேக், தீ எதிர்ப்பில் உயர்ந்த ஏ வகுப்புச் சான்றுக்கு அடியில் தனி விரிப்பு என்று நிபந்தனை வரும். அந்த விரிப்பு உங்கள் பட்டியலில் இருக்க வேண்டும். மருந்தேற்றிய ஷேக்குக்கும் கடலோர வீட்டுக்கும் துருப்பிடிக்காத எஃகு ஆணி. 7,400 ஆணி என்னும்போது சாதாரண ஆணிக்கும் இதற்கும் விலை வித்தியாசம் சிறிதில்லை. முகவரியைப் பார்த்ததும் முதலில் ஊர் விதியைக் கேளுங்கள், கணக்கு அப்புறம்.

இதே ஷேக்கை நம் ஊர் வீட்டுக்குப் போடலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். கடல் கடந்து வரும் மரத்தின் விலை ஒரு பக்கம், நம் கரையான் இன்னொரு பக்கம். பதிக்கத் தெரிந்த கை இங்கே இல்லை. நூறு ஆண்டு கடந்து நிற்கிற சுட்ட மண் ஓடு இந்த வெயிலுக்கு ஏற்றது, உடைந்தால் மாற்ற ஆளும் இருக்கிறார்கள்.

அப்படியானால் இந்த மென்பொருள் நம் ஓட்டுக்கூரைக்கு உதவுமா?

உதவும், பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறவர்களுக்கு நன்றாகவே உதவும். கூரையைக் கைமரத்தின் நீளத்தில் டேப்பால் அளந்தோ டிரோன் படத்திலிருந்தோ பரப்பை எடுங்கள். நன்றாக இருக்கும் பகுதியில் மூன்றடிக்கு மூன்றடி சாக்குக்கட்டியால் குறித்து, அதற்குள் எத்தனை ஓடு அடங்குகிறது என்று மேலடுக்கு, கீழடுக்கு இரண்டையும் எண்ணுங்கள். ஒன்பது சதுர அடிக்கான அந்த எண்ணைச் சதுரத்துக்கு மாற்றி, மென்பொருளில் புதுப் பொருளாகப் பதிந்துவையுங்கள். நாட்டு ஓட்டில் வீட்டுக்கு வீடு அடுக்கு மாறும், ஆகவே ஒரு வீட்டில் எண்ணியதை அடுத்த வீட்டுக்குப் போடாதீர்கள். முற்றத்தைச் சுற்றிய நான்கு பள்ளக்கோட்டையும் தனி வரியாக எழுதுங்கள். அங்கே தகடும் சுண்ணாம்புச் சாந்தும் ஓட்டைவிட முன்னதாகவே வந்து சேர வேண்டியிருக்கும்.